அலுவலக நகல்

அந்தக் காகிதத்தின் அடியில் இரண்டு கோடுகள் இருந்தன. இடப்பக்கக் கோட்டின் மேல் நீல மையில், ஒவ்வோர் எழுத்தும் பிரிந்து தெரியும்படி, ஒரு கையெழுத்து. அதன் கீழே 'மாணவர் செயலாளர், தமிழ் மன்றம்' என்று தட்டச்சாகியிருந்தது. வலப்பக்கக் கோட்டின் மேல் ஒன்றுமில்லை. கீழே மட்டும் 'ஒருங்கிணைப்பாளர்' என்று இருந்தது. அந்த ஒருங்கிணைப்பாளர் நான்தான். கல்லூரி முதல்வர் அறையில், பச்சை ரெக்சின் விரித்த மேசைமேல் அந்தக் காகிதம் கிடந்தது. விசாரணைக் குழுவில் மூன்று பேர். அவர்கள் அதை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார்கள். ஆளில்லாமல் கிடந்த அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, நிம்மதி. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டு வேறு எங்கிருந்து தொடங்கினாலும் நான் மறுபடி தப்பித்துக்கொள்வேன் என்று எனக்குத் தெரியும்.

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு ஆண்டுகள் தமிழ் நடத்தினேன். வந்துபோன பிள்ளைகளில் பாதிப்பேரின் பெயர் மறந்துவிட்டது. மீதிப்பேரை வழியில் பார்த்தால் அவர்களாக வந்து சொன்னால்தான் உண்டு. இவளை மட்டும் மறக்க முயன்றும் முடியவில்லை. வைத்திக்குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். மூன்றாம் ஆண்டில் எங்கள் துறையின் தமிழ் மன்றத்துக்கு அவள் செயலாளர் ஆனாள். அன்றிலிருந்து நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வாங்க செயலாளரே, இன்னைக்கு எந்தக் கோட்டையப் பிடிக்கப் போறோம்?" என்பேன். அவளும் சளைக்க மாட்டாள். "மொதல்ல நம்ம அரங்கத்தோட சாவியப் புடிப்போம் சார், அதுவே கெடைக்க மாட்டேங்குது" என்பாள். அவளுடைய குரல் அலைச்சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய வீட்டுக் குரல். மைக் மக்கர் செய்யும் நாட்களில் நன்றியுரையை அவளிடம் விட்டுவிடுவோம். கடைசி வரிசையில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. எங்கள் கல்லூரியிலேயே எம்.ஏ. சேர வேண்டும். பி.ஏ. முடிந்ததும் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வெளியூர்க் கல்லூரி என்றால் அனுப்ப மாட்டார்கள். "இங்கன்னா நடந்தே வந்துட்டுப் போயிடுவேன் சார். ரெண்டு வருஷம் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. "உனக்கு இல்லாத சீட்டா?" என்று நான் சொன்னேன். அப்படித்தான் சொன்னேன், வாய்க்கு வந்தபடி, கையில் இருந்ததைத் தூக்கிக் கொடுக்கிறவன்போல.

அந்த ஆண்டு மன்றத்துக்கு யாரை அழைப்பது என்று பேச்சு வந்தபோது, ஓர் எழுத்தாளரைச் சொன்னவன் நான்தான். அறுபதை நெருங்கிய பெண்மணி. ஊர் ஊராகப் போய்த் தேர்த் திருவிழாக்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். கோயில் தேரானாலும் மாதா கோயில் தேரானாலும், எந்தத் தெருமுனையில் நின்று திரும்பிவிடுகிறது, ஏன் அதற்கு மேலே போவதில்லை என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதில் நம் பக்கத்து ஊர்களும் வந்தன. கட்டுரையைச் செயலாளரிடம் படிக்கக் கொடுத்தேன். மறுநாள் மடித்த இடமெல்லாம் அழுக்காகத் திருப்பிக் கொண்டுவந்தாள். "சார், இவங்கள வர வெச்சே ஆவணும். எங்க வீட்ல எல்லாருக்கும் படிச்சிக் காமிச்சேன். எங்கம்மா அழுதுட்டாங்க" என்றாள். எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. நான்கு பேருக்கு முன்னால் துணிச்சலானவன் என்று பெயர் வாங்க எந்த ஆசிரியனுக்குத்தான் ஆசை இருக்காது? அதற்காக எதையும் இழக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இங்கே எங்கள் கல்லூரியின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். விருந்தினரை அழைக்க முதல்வரின் அனுமதி வேண்டும். கோப்பு அவர் மேசைக்குப் போய்த் திரும்ப மூன்று வாரம் ஆகும். அதற்குள் விருந்தினர் வேறு ஊருக்கு நாள் கொடுத்துவிடுவார். அதனால் எல்லாத் துறைகளிலும் ஒரு குறுக்குவழி வைத்திருந்தோம். கடிதத்தை இரண்டு படி எடுப்போம். ஒன்றில் மாணவர் செயலாளரும் ஒருங்கிணைப்பாளரும் கையெழுத்திட்டு விருந்தினருக்குத் தபாலில் அனுப்பிவிடுவோம். கோப்பில் வைக்கும் அலுவலக நகலில் செயலாளர் மட்டும் கையெழுத்திடுவார். முதல்வர் பார்த்துச் சுருக்கொப்பம் போட்ட பிறகு ஒருங்கிணைப்பாளர் அதில் கையெழுத்திடுவார். அனுமதி வந்த பிறகே கடிதம் போனதாகக் கணக்கு. முதல்வருக்கும் இது தெரியும், அவரும் ஒரு காலத்தில் இதைச் செய்தவர்தான். இந்த வித்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். "ஆபீஸ் காப்பில நீ மட்டும் போடு, நான் அப்பறம் போட்டுக்கறேன்" என்றேன். எழுத்தாளருக்குப் போன கடிதத்தில் மட்டும் என் கையெழுத்தை நன்றாகச் சுழித்துப் போட்டேன்.

நிகழ்ச்சிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்தக் கட்டுரையின் இரண்டு பத்திகளை யாரோ படம் பிடித்து வாட்ஸப்பில் விட்டார்கள். அவ்வளவுதான். கோயில் பக்கத்தில் ஒரு கூட்டம், மாதா கோயில் பக்கத்தில் ஒரு கூட்டம். வேறு எந்த விஷயத்திலும் ஒன்றுசேராத அந்த இரு தரப்பையும் ஒரே சுவரொட்டிக்குள் கொண்டுவந்த பெருமை எழுத்தாளருக்கே சேரும். அவர் வந்தால் கல்லூரியை முற்றுகையிடுவோம் என்று அறிவித்தார்கள். எங்கள் மாணவர்களில் ஒரு கூட்டம் அவர்களோடு சேர்ந்துகொண்டது. இன்னொரு கூட்டம் 'பேச விடு' என்று அட்டைகளில் எழுதி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தது. அட்டையில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி என்னிடமே கொண்டுவந்தார்கள். பார்த்துக் கொடுத்தேன். காவல்நிலைய இன்ஸ்பெக்டர் வந்து, எத்தனை பேர் வருவார்கள், எந்தக் கேட் திறந்திருக்கும், யார் பொறுப்பு என்று எழுத்து மூலமாகக் கேட்டார். யார் பொறுப்பு என்ற வரியைக் கடைசியில் எழுதலாம் என்று வைத்துவிட்டு மற்றதை எல்லாம் நான் எழுதிக் கொடுத்தேன். அந்த வரியை எழுதவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் துறைத் தலைவர் பதவிக்கு என் பெயர் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. எனக்கு மேலே இருந்தவர் மே மாதம் ஓய்வுபெறப் போகிறார். முதல்வர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க மேல ஒரு கறையும் இல்லாம பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். மிரட்டல் என்று சொல்ல முடியாது. அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறை எனக்குப் போதுமானதாக இருந்தது.

நிகழ்ச்சி அன்று காலையில் கல்லூரிக்கு வெளியே தடுப்புகள் போட்டிருந்தார்கள். ஒரு கேட் மட்டும் பாதி திறந்திருந்தது. அடையாள அட்டை பார்த்து ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். எதிர்ச்சாரியில் கோஷம். சிவப்புக் கெப்பித் தொப்பி வைத்த போலீஸ்காரர்கள் இரண்டு பக்கமும் பார்த்தபடி நடுவில் நின்றார்கள். பத்து மணிக்கு முதல்வர் நிகழ்ச்சியை ரத்து செய்தார். எழுத்தாளருக்குப் போன் செய்து சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நான் அதைச் செயலாளரின் தலையில் வைத்தேன். "நீ பேசும்மா. நீ சொன்னா கோவிச்சுக்க மாட்டாங்க" என்றேன். அவள் என்னை நம்பமுடியாமல் பார்த்தாள். "சார், அவங்க திண்டிவனம் தாண்டிட்டாங்க சார். பஸ்ல வந்துகினு இருக்கறவங்களப் போயி எப்படி சார் வராதீங்கன்னு சொல்றது? நாமதான சார் கூப்ட்டோம்?" என்றாள். "ஏதாச்சும் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு மாடியில் ஆசிரியர் அறைக்குப் போய்விட்டேன். அவள் பேருந்து நிலையத்துக்குப் போனாள். வந்தவரை வரவேற்க ஒருவராவது நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

பதினொன்றரைக்கு என் போன் அடித்தது. அவள்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, மறுபடியும். பிறகு ஒரு செய்தி வந்தது. அதைத் திறந்தால் நான் பார்த்துவிட்டேன் என்று நீலக் குறி அவளுக்குக் காட்டிவிடும். அதனால் திறக்காமல், திரையின் மேல்பட்டையில் தெரிந்த அளவுக்கு மட்டும் படித்தேன்: "சார் கேட்டுக்கு வெளியில பிளாட்பாரத்துலயே நடத்திக்கறோம். நீங்க வந்து சும்மா நின்னா போதும் சார்." ஐம்பத்து மூன்று வயதில், வேட்டி கட்டிப் பொங்கல் விழாவில் வீரத்தைப் பற்றி முழங்குகிற ஒரு தமிழாசிரியர், ஒரு சின்னப் பெண்ணின் செய்தியை அவளுக்குத் தெரியாமல் படிக்கப் போனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

ஆசிரியர் அறையின் ஜன்னலிலிருந்து சாலை தெரியும். மதில் ஓரத்து நடைபாதையில் நாற்பது ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தாளர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தண்ணீர்க் கேன்மேல் உட்கார்ந்து பேசினார். அவருக்கு மெல்லிய குரல், எதிர்ச்சாரிக் கோஷத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அப்போது செயலாளர் எழுந்து நின்றாள். எழுத்தாளர் ஒரு வாக்கியம் சொல்வார். அவள் அதை அப்படியே, ஒரு சொல் மாறாமல், தன் குரலில் உரக்கச் சொல்வாள். அவர் அடுத்த வாக்கியத்தைச் சொல்வார். மூடிய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் எனக்கே எல்லாம் தெளிவாகக் கேட்டது. "தேர் போகாத தெருவுலயும் சாமி கும்பிடறவங்கதான் இருக்காங்க" என்று அவள் சொன்னபோது கொஞ்ச நேரம் கோஷம்கூட அடங்கியது. கீழே இறங்கிப் போக வேண்டும் என்று தோன்றியது. படிக்கட்டு வரைக்கும் போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

இருபது நிமிடம் போயிருக்கும். எங்கிருந்தோ ஒரு கல் வந்து காவலாளி அறையின் கண்ணாடியில் விழுந்தது. தெறித்த சில்லு முதலாண்டுப் பையன் ஒருவனின் புருவத்தைக் கிழித்தது. தள்ளுமுள்ளு ஆனது. போலீஸ் எழுத்தாளரை ஜீப்பில் ஏற்றிப் பாதுகாப்பாகப் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விட்டது. பையனுக்கு இரண்டு தையல். கல்லை எறிந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் சாயங்காலத்துக்குள் ஒரு காணொளி ஊரெல்லாம் சுற்றியது. அதில் எழுத்தாளர் தெரியவில்லை. அவர் வாயசைவு கூட்டத்தின் மறைவில் போய்விட்டது. நின்றுகொண்டு உரத்த குரலில் பேசுகிற அவள் மட்டும்தான் தெரிந்தாள். பேசியது முழுக்க அவளுடைய சொந்தப் பேச்சு என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து விசாரணை. முதல்வர், வணிகவியல் துறைத் தலைவர், பிரெஞ்சுத் துறைத் தலைவர் மூவரும் குழு. அனுமதி இல்லாமல் வெளியாளை அழைத்தது யார் என்பதுதான் கேள்வி. அழைப்பு துறையினுடையது என்றால் அவள் மேல் தவறில்லை, சொன்னதைச் செய்தவள். அவளாக அழைத்தாள் என்றால் கல், கண்ணாடி, தையல் எல்லாம் அவள் கணக்கில் வரும். அலுவலக நகலைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்கள், இந்தக் கடிதம் போனது உங்களுக்குத் தெரியுமா என்று. நான் பொய் சொல்லவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்றைச் சொன்னேன். "மன்றத்துலேர்ந்து எத்தனையோ கடிதம் போகும் சார். ஒவ்வொண்ணையும் நான் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?" என்றேன். பிறகு அவளிடம் கேட்டார்கள், சாருக்குத் தெரியுமா என்று.

அவள் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய போன் அவள் முன்னால் மேசைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஒரு கையை வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சியும் பார்க்கவில்லை. வகுப்பில் நான் ஒரு வரியைப் பாதியில் நிறுத்தினால் மீதியை நானே சொல்வேன் என்று காத்திருக்கும் பார்வை. நீண்ட நேரம் பார்த்தாள். நான் மேசையின் ரெக்சினில் இருந்த ஒரு கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் போனிலிருந்து கையை எடுத்துவிட்டு, "நான்தான் சார் அனுப்புனேன்" என்றாள். அதுவும் பொய் இல்லை. தபால் நிலையத்துக்கு எடுத்துப்போனவள் அவள்தானே. பிரெஞ்சுத் துறைத் தலைவர் "வொலா" என்றார். பழைய பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த மனிதர், எந்த வேலையை முடித்தாலும் அதைச் சொல்லித்தான் முடிப்பார். கோப்பை மூடினார்.

அவளை நீக்கவில்லை. தேர்வு எழுத விட்டார்கள். பெரிய மனது பண்ணிவிட்டதாக எல்லோரும் சொன்னோம். ஆனால் அவளுடைய நன்னடத்தைச் சான்றிதழில் எல்லோருக்கும் போடும் 'மிக நன்று' என்பதற்குப் பதிலாக 'திருப்திகரம்' என்று போட்டார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு அது நல்ல சொல்தான். கல்லூரி அலுவலகங்களில் அதைப் பார்த்தவுடன் விண்ணப்பத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். எம்.ஏ. பட்டியல் ஒட்டினார்கள். அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த ஏழு பேர் அதில் இருந்தார்கள். அவள் இல்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்த குழுவில் நானும் இருந்தேன், புதுத் துறைத் தலைவராக.

பட்டியல் ஒட்டிய மூன்றாம் நாள் அவள் அம்மா முத்தியால்பேட்டையில் என் வீட்டுக்கு வந்தார். கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வர மறுத்து நின்றார். "சாரு, எம் பொண்ணு எந்நேரமும் உங்க பேச்சத்தான் பேசும். எங்க சாரு இப்டி சொன்னாரு, எங்க சாரு அப்டி சொன்னாருன்னு. நீங்க ஒரு வார்த்த சொன்னா அவங்க கேப்பாங்களாம். அதுக்கு அந்த சீட்ட மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க சாரு. இல்லாகாட்டி ஆவணில கட்டிக் குடுத்துடணும்னு அது அப்பா ஒத்தக் கால்ல நிக்கிறாரு" என்றார். பெண் என்னைப் பற்றி வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் கூடையிலிருந்து ஒரு வஞ்சிரத்தை எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடுமோ என்று பயந்தேன். மத்தியானம் குழம்பு வைத்தார்கள். சாப்பிட்டேன். ருசியாக இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். சீட்டு விஷயமாக நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஆவணியில் கல்யாணம் நடந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து முத்தியால்பேட்டையில், என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளைப் பார்த்தேன். கழுத்தில் தாலி, முன்னால் கணினி. கடை அவளுடையதா, வேலைக்கு இருக்கிறாளா என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல் எதிர்ச் சந்தில் வண்டியைத் திருப்பினேன். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். ஒரு நகல் எடுக்க வேண்டுமென்றாலும் நேரு வீதிவரை போய்விட்டு வருவேன். "பக்கத்துலயே கடை இருக்கறப்ப ஏங்க அவ்ளோ தூரம்?" என்று மனைவி கேட்டால், அங்கே மை தெளிவாக விழுகிறது என்பேன். துறைத் தலைவராக ஏழு ஆண்டு இருந்தேன். கருத்துரிமை பற்றி இரண்டு கருத்தரங்கம் நடத்தினேன். தலைமை உரை நான்தான்.

போன மாதம் கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த வயதான பெண்மணிக்கும் மருந்து விட்டிருந்தார்கள். இருவருக்கும் எதிரில் இருப்பது கலங்கலாகத்தான் தெரிந்தது. செவிலியர் பெயரைக் கூப்பிட்டபோதுதான் அது அந்த எழுத்தாளர் என்று தெரிந்தது. பேசாமல் எழுந்து போயிருக்கலாம், அவருக்கு என் முகம் தெரியாது. எப்படியோ கல்லூரிப் பெயரைச் சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு எப்படிங்க இருக்கா? எனக்கு அப்பப்ப நெனப்பு வரும். விசாரணைக்கு மொத நாள் சாயங்காலம் போன் பண்ணிச்சு. நாங்க அனுப்புன லெட்டரைப் படம் எடுத்து அனுப்புங்கம்மான்னு கேட்டுச்சு. ரெண்டு கையெழுத்தும் நல்லாத் தெரியற மாதிரி எடுத்து ஒடனே அனுப்பினேன். அது ஒதவிச்சுங்களா?" என்று கேட்டார்.

"ஒதவிச்சும்மா" என்றேன்.

அவர் சந்தோஷப்பட்டார். அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கவிழ்த்து வைத்த போனில் என் கையெழுத்து இருந்திருக்கிறது. அதன் மேல் கை வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். ஒரு நொடியில் திருப்பிக் காட்டியிருந்தால் அவளுக்கு எம்.ஏ. சீட்டு, எனக்குத்தான் எல்லாம் போயிருக்கும். அவள் திருப்பவில்லை. ஆசிரியரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாளா, நானே சொல்வேன் என்று கடைசிவரை நம்பினாளா, அல்லது ரெக்சின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்த என்மேல் இரக்கப்பட்டாளா, தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அதற்கு நான் தகுதியானவன் இல்லை. ஏழு ஆண்டுகளாக, சாட்சி இல்லாத சின்னக் கோழைத்தனம் என்று அதை நினைத்து ஒருமாதிரி காலம் தள்ளிவிட்டேன். சாட்சி அன்றே மேசைமேல் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். இப்போதைய முதல்வர் என்னிடம் படித்தவர். அழைப்பு என்னுடையது, கடிதத்தில் கையெழுத்திட்டது நான், விசாரணையில் உண்மையை மறைத்தது நான், அவளுடைய சான்றிதழைத் திருத்தித் தர வேண்டும் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் ஒரு கசப்பு வந்தது. பதவி முடிந்து, ஓய்வூதியம் கைக்கு வந்த பிறகு எழுதுகிற உண்மைக்கு என்ன மதிப்பு? எனக்கு இனி இதனால் போகப்போவது ஒன்றுமில்லை. இருந்தாலும் கணினியில் அடித்து, பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டேன். வீட்டில் அச்சுப்பொறி இல்லை. நேரு வீதிக்குப் போகவில்லை. அவள் கடைக்குப் போனேன். அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவா, அவள் முன்னால் நல்லவனாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவா என்று வழியெல்லாம் யோசித்தேன். இரண்டாவதும் கொஞ்சம் இருந்தது.

"வாங்க சார்" என்றாள். நேற்றுதான் வகுப்பு முடிந்ததுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். செயலாளரே என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பழக்கமில்லை. பென் டிரைவை நீட்டினேன். அவள் அதைக் கணினியில் செருகிக் கோப்பைத் திறந்தாள். படித்தாள். நான் கடைச் சுவரில் ஒட்டியிருந்த ஆதார் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மெதுவாகக் கீழே இறக்கி இறக்கிக் கடைசிவரை படித்தாள். ஓரிடத்தில் ஒற்றுப் பிழை இருந்தது, திருத்தினாள். அந்த முகத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

"எம்.ஏ.வ நான் கரஸ்லயே முடிச்சிட்டேன் சார்" என்றாள். "பாப்பா பொறந்தப்பறம் எழுதுனேன். கடைல ஒக்காந்தே படிச்சேன்."

"நல்லதும்மா" என்றேன். அவளுக்கு இனி அந்தச் சான்றிதழே வேண்டாம் என்று புரிந்தது. மன்னிச்சிடு என்று சொல்ல வேண்டும் என்று வழியில் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருந்தேன். முப்பத்தோரு ஆண்டு பேசியே பிழைத்தவனுக்கு அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை.

"எத்தன காப்பி சார்?"

"ரெண்டும்மா."

அச்சுப்பொறி இரண்டு தாளைத் தள்ளியது. அவள் முதல் தாளை என் முன்னால் வைத்துப் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்திட்டேன். சுழி சரியாக வரவில்லை. தாளை மடிக்கப் போனேன். அவள் என் கையைத் தடுக்கவில்லை, இரண்டாவது தாளை மட்டும் மெல்ல என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அதன் அடியில் ஒரே ஒரு கோடு இருந்தது.

"ஆபீஸ் காப்பிலயும் போட்டுடுங்க சார்" என்றாள்.